ரெண்டு வரைக்கும்

குப்பத்தில் கல் மெருகேற்றும் எங்கள் பட்டறையில்
ரெண்டு வரைக்கும் ஒரே பாஷை.

ஒகட்டி என்பார் சலபதி.
எனக்குள் அது ஒண்ணு என்று விழும்.
ரெண்டு என்பார்.
ரெண்டு என்றே விழும்.
மூன்றில்தான் மாநில எல்லை.
மூடு என்றால் அவருக்கு மூணு,
மூச்சைப் பிடித்துத் தூக்க வேண்டிய நொடி.
எனக்குப் பழக ஒரு மாதம் ஆனது.

நாட்றம்பள்ளி சேட்டுக்கு அன்று நாலாம் நாள்.
பலகைக்கு நாலு மூலை,
வாசல் பக்கத்து மூலை அவனுடையது.
மூடு என்று கேட்டதும்
எதை மூட என்று திரும்பிப் பார்த்தான்.
அவ்வளவுதான் நேரம்.
மூன்று மூலை எழுந்தது.
குப்பம் பச்சை, ஒன்பதுக்கு ஐந்து,
இருநூற்று முப்பது கிலோ
எழாத மூலையைத் தேடிச் சாய்ந்தது.

வலது காலில் கட்டைவிரலும் அதற்கடுத்ததும்.
ஜீப்பில் ஏற்றிய பிறகு
கல்லுக்கு ஒண்ணும் ஆகலை என்று
யாரோ சொன்னார்கள்.
சொன்னது நானாகவும் இருக்கலாம்.

அதன்பின் எண்களை விட்டுவிட்டோம்.
ஆ என்று கத்தினால் தூக்கு,
ம் என்றால் இறக்கு.
மாடு பேசுவது போல ஒன்றரை வருடம் பேசினோம்.

புரட்டாசி முடிந்த வாரம்
ஓசூரிலிருந்து அது வந்தது.
மேலே தண்டவாளம், கீழே இரும்புச் சட்டம்,
சட்டத்தில் எட்டு ரப்பர் வாய்.
பொத்தானை அழுத்தியதும்
கன்று மடியை முட்டுவது போல்
கல்லை முட்டி, உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது.
பலகை எழுந்தது,
ஊதல் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.
முனகல் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை.

நாங்கள் நாலு பேரும்
எங்கள் எங்கள் மூலையில்
காற்றுக்கு அடியில் கை கொடுத்து நின்றிருந்தோம்.
கையை எடுங்க என்று கத்தினான் சொல்லிக்கொடுக்க வந்த பையன்.
எடுத்தோம்.
எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

யார் ஓட்டக் கற்றுக்கொள்கிறீர்கள் என்றார் முதலாளி.
விந்தி விந்தி முன்னால் வந்தான் சேட்டு.
தூசி இருந்தால் பிடி நழுவும்,
அதனால் முதலில் ஈரத்துணியால் துடைக்கிறான்.
முள் பச்சைக்கு வரும்வரை காத்திருக்கிறான்.
பச்சைக்கு வந்த பிறகும் கொஞ்சம் காத்திருக்கிறான்.

வேலை யாருக்கும் போகவில்லை என்று சொல்லமாட்டேன்.
கோதண்டன் பெங்களூருக்குப் போய்விட்டான்,
பழி எந்திரத்தின் மேலா மாமியார் மேலா, தெரியாது.
என் வீட்டில் ஒருவனுக்கு நிச்சயமாகப் போனது.
ராத்திரி குப்புறப் படுத்தால்
என் இடுப்பில் ஏறி மிதிக்க
மகனுக்கு இரண்டு ரூபாய் கூலி.
இன்னிக்கு மிதிக்கணுமா என்று
இப்போதும் வாசற்படியில் நின்று கேட்கிறான்.
வேண்டாம் என்றால் முகம் வாடுகிறது.
சில நாள் வலிக்காமலே படுக்கிறேன்.

போன செவ்வாய் கரண்ட் போனது.
இடுப்பு உயரத்தில் பலகை தொங்க
சங்கு அலற ஆரம்பித்தது.
பழைய உடம்பு எங்களுக்கு,
ஓடிப்போய்த் தாங்கத்தான் துடித்தது.
யாரும் கிட்ட வராதீங்க, ராவத்து, ராவத்து
என்று ரெண்டு பாஷையிலும் கத்தினான் சேட்டு.
சேமித்த உறிஞ்சல் கொஞ்ச நேரம் தாங்கும்.
எவ்வளவு நேரம் என்று
புத்தகத்தில் எழுதியிருக்கிறது,
புத்தகம் முதலாளி அறையில்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றோம்.
சலபதியின் உதடு தானாக அசைந்தது.
ஒகட்டி, ரெண்டு,
மூடு, நாலுகு, ஐது...
முதல் தடவையாக மூன்றைத் தாண்டிப் போனார்.
நானும் கூடவே முணுமுணுத்தேன், என் கணக்கில்.

நாற்பத்தியாறில் ஜெனரேட்டர் பிடித்தது.
சேட்டு பொத்தானில் விரலை வைத்தான்.
அழுத்தவில்லை.
எங்கள் கால்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.
என்னிடம் நின்றான்.
"பூட்ஸ் எங்கண்ணா?"